பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள்

ஏப்ரல் 7

இன்று முதல் நான் குழந்தைகளைக் காப்பாற்றுகிறவன். கிழக்கு பஜார் வியாபாரிகள் நலச் சங்கம் கைதட்டி முடிவு செய்துவிட்டது. குழுவின் பெயர் 'குழந்தைகள் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வுக் குழு'. ஒரே மூச்சில் யார் சொல்கிறாரோ அவரே தலைவர் என்று யாரோ கேலி பேசினார்கள். நான் சொல்லிக் காட்டினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. போன மாதம் பஜாரில் ஒரு துணிக்கடைக்காரரின் பெண்பிள்ளை படத்தை எவனோ அவர் ஸ்டேட்டஸிலிருந்து எடுத்து, வேறு எதனோடோ ஒட்டி ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். அந்தக் குடும்பம் கடையைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய்விட்டது. அவர் நல்ல வியாபாரி. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் எழுந்து, "நாம யாவாரம் பண்ற ஊர்ல பிள்ளைங்க பயந்து கெடந்தா பஜார் எப்படிங்க விளங்கும்?" என்று கேட்டேன். சங்கச் செயலாளர் அரிசி மண்டி கனகவேல் உடனே மைக்கை என் கையில் திணித்துவிட்டார். பேசுகிறவன் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் சங்கத்தின் பழக்கம்.

கோவில்பட்டியில் பிளாட்பாரத்தில் குடையும் மழைக்கோட்டும் விற்று வந்தவன் நான். இன்று 'தவசி பேக்ஸ்' என்றால் தெரியாதவர்கள் இல்லை. பள்ளிக்கூடப் பை, சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில். ஜூனில் பள்ளி திறக்கும். அதுவரை தவசிலிங்கம் என்ற பெயர் தாய்மார்கள் வாயில் புழங்கினால் நல்லதுதானே. சேவை வேறு, சீசன் வேறு என்று நடிக்க எனக்கு வராது.

ஏப்ரல் 10

முதல் கூட்டம், ஒரு பள்ளியின் பெற்றோர் கூட்டத்தோடு சேர்த்து. பிள்ளைகள் படத்தை ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், சீருடையோடு படம் போட்டால் எந்தப் பள்ளி என்று எவனுக்கும் தெரிந்துவிடும், சந்தேகம் வந்தால் நமக்கென்ன என்று சும்மா போய்விடாதீர்கள் என்றெல்லாம் பேசினேன். நன்றாகவே பேசினேன். கடைசி வரியைக் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னதில் நல்ல கைதட்டல்.

உதவி எண் என்று புது சிம் ஒன்று வாங்கி அறிவித்தேன். ஒரு டீச்சர் எழுந்து, குழந்தைகளுக்கென்று 1098 என்று ஏற்கெனவே ஒரு அரசாங்க எண் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்டார். அதில் என் கடைப் பெயர் இருக்காது என்று சொல்லவா முடியும். நம்ம ஊர்க்காரர் நம்ம பேச்சில் பேசினால் மனம்விட்டுச் சொல்வார்கள் என்றேன். அதுவும் உண்மைதான்.

ஒரு சால்வை. இந்தச் சால்வைகளை எவன் நெய்கிறானோ, தோளில் போட்டால் நிற்காது.

ஏப்ரல் 14

உதவி எண்ணுக்கு உண்மையாகவே ஒரு அழைப்பு. ஒரு தாய். பேச்சைவிட அழுகைதான் அதிகம். அவள் மகளின் படத்தை வைத்து ஒருவன் மிரட்டுகிறான். நானே கூடப் போய்ப் புகார் எழுதிக் கொடுக்க வைத்தேன். பார்த்தால் அவன் நாலு தெரு தள்ளிக் குடியிருப்பவன். விஷயம் அடங்கிவிட்டது. சாயங்காலம் அந்த அம்மா கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். ஒன்றும் வாங்காமல் போன ஆளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 16

பஜார் முழுக்க ஃபிளெக்ஸ் வைப்பது என்று முடிவு. அந்தோணிராஜின் ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்து டிசைன் பார்த்தேன். அவன் கம்ப்யூட்டரில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள். செம்பட்டை முடி, நீலக் கண். நம் தாய்மார்களுக்கு அதைப் பார்த்தால் இரக்கமா வரும்? கேக் விளம்பரம் என்று நினைப்பார்கள். நம்ம ஊர்ச் சாயலில் ஒரு முகம் வேண்டும், கொஞ்சம் சோகமாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் சுபியின் படம் ஞாபகம் வந்தது. என் மகள் சுபிக்‌ஷா, எட்டாம் வகுப்பு. போன பொங்கலுக்கு அவள் கேட்ட சைக்கிளை அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொன்னபோது உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றதை என் மனைவி ஜெயக்கொடி போனில் எடுத்திருந்தாள். அதை அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தோணிராஜ் பின்னால் கறுப்பு நிறம் கொடுத்து, கண்ணோரம் ஒரு சொட்டுக் கண்ணீரும் வைத்துவிட்டான். அசல் கண்ணீர் தோற்றது. மேலே பெரிய எழுத்தில்: 'என் படத்தை இணையத்தில் போடாதீர்கள்'. கீழே உதவி எண். அதற்கும் கீழே, அடக்கமாக, கடைப் பெயர். வலது மூலையில் கும்பிட்டபடி நான்.

ஏப்ரல் 18

பஸ் ஸ்டாண்ட், மார்க்கெட் வாசல், ரயில்வே கேட், எங்கும் சுபி ஆறடி உயரத்தில் நிற்கிறாள். கனகவேல் கட்டிப்பிடித்துக்கொண்டார். படம் பேசுகிறது என்றார்.

பரீட்சை முடிந்து வரும் வழியில் சுபி பார்த்துவிட்டிருக்கிறாள். நேரே கடைக்கு வந்தாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள்.

"என்கிட்ட கேட்டீங்களாப்பா?"

"நல்ல காரியத்துக்குத்தானேம்மா. பெத்த பிள்ளைகிட்ட அப்பனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு நீங்க படிச்சீங்களா?"

எழுதினவனே நான்தான், என்னிடமே கேட்கிறாள். கடையில் நின்ற ஒரு அம்மா சிரித்துவிட்டார். பரீட்சை நேரத்துச் சூடு, சரியாகிவிடும்.

ஏப்ரல் 19

சுபி சாப்பிடவில்லை. நல்ல வெயில்.

ஏப்ரல் 22

ஃபிளெக்ஸை யாரோ படமெடுத்து குரூப்களில் போட, அது ஊரைத் தாண்டிவிட்டது. எங்கள் குழுவுக்கு இப்படி ஒரு விளம்பரத்தைப் பணம் கொடுத்தாலும் வாங்க முடியாது. ஆனால் கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் ஒரு மாதிரி இருக்கிறது. 'பாவம் அந்தப் பிள்ளை', 'இதைச் செய்தவனைச் சும்மா விடக்கூடாது', 'நீதி கிடைக்கும் வரை பகிருங்கள்'. என்ன செய்தவனை? யாருக்கு நீதி?

திருப்பூரிலிருந்து ஜெயக்கொடியின் சித்தி போன் செய்து, உன் மகளுக்கு என்னடி ஆச்சு, எங்களிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அழுதிருக்கிறாள். ஜெயக்கொடி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, இப்ப நான் என்னன்னு சொல்ல? ஒண்ணும் ஆகலன்னா, ஒண்ணும் ஆகாத பிள்ளைக்கு எதுக்குடி ஃபிளெக்ஸுன்னு கேக்குறாங்க."

இதை வளர விடக்கூடாது. உடனே என் ஃபேஸ்புக் பக்கத்தில் மறுப்பு போட்டேன். 'என் மகள் நலமாக இருக்கிறாள். வதந்திகளை நம்பாதீர்கள்.' நம்ப வேண்டுமே என்பதற்காக, போன வருஷம் குற்றாலத்தில் சிரித்தபடி எடுத்த படத்தையும் சேர்த்தேன்.

ஏப்ரல் 23

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 'அன்று எப்படிச் சிரித்த குழந்தை, இன்று' என்று ஒரு புது ஃபார்வர்டு சுற்றுகிறது. கீழே சோகப் பாட்டு வேறு.

சுபியின் வகுப்புப் பிள்ளைகள் அவளை 'ஃபிளெக்ஸு' என்று கூப்பிடுகிறார்களாம். ஜெயக்கொடி சொன்னாள். அரசியல்வாதிக்குத்தான் அந்தப் பெயர் கிடைக்கும் என்று சிரிக்கப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 27

எவனோ ஃபிளெக்ஸின் மேல் வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் 'காணவில்லை' என்று போட்டுவிட்டான். முகம் அப்படியே. என் எண் அப்படியே. கடைப் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறான்.

காலையிலிருந்து போன் நிற்கவில்லை. பழனி அடிவாரத்தில் பார்த்தோம் என்கிறார் ஒருவர். சேலம் பஸ்ஸில் ஒரு வயதானவரோடு உட்கார்ந்திருந்தாள் என்கிறார் இன்னொருவர். எல்லாரிடமும் ஒரே பதில்தான்: பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். தர்மபுரிக்காரர் ஒருவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

"நீங்க யாருங்க அத சொல்றதுக்கு?"

"நான் அவ அப்பன்."

"அப்பன்னா இப்படியா அலட்சியமா பேசுவீங்க? கண்ணால பார்த்தேங்க நான்."

உட்கார்ந்து யோசித்தால் யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லாருக்கும் அக்கறை. இவ்வளவு அக்கறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஏப்ரல் 30

அந்த சிம்மைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டேன். சென்னையிலிருந்து பைகள் இறங்குகிற நேரம், லாரிக்காரன் பேசுகிறானா, தர்மபுரிக்காரன் பேசுகிறானா என்று தெரியாமல் தவிக்க முடியாது. யாரிடமும் சொல்லவில்லை. சங்கத்தில் சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவார்கள்.

மே 2

மகளிர் சுய உதவிக் குழுக்கள் சேர்ந்த பெரிய கூட்டம். கழுகுமலை, கயத்தாறு பக்கத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். உதவி எண் எழுதிய நோட்டீஸ் கொடுத்தோம். நோட்டீஸ் முன்பே அச்சடித்தது, வீணாக்க முடியாது.

மே 4

பதினெட்டாம் தேதி சங்க ஆண்டு விழா. எனக்கு 'குழந்தைகள் காவலர்' விருது. கனகவேல் நேரில் வந்து சொன்னார். என் வாழ்க்கையைப் படங்களாகத் திரையில் காட்டப் போகிறார்களாம், பழைய படங்கள் வேண்டும் என்றார். எல்லாம் என் அக்கா தங்கபுஷ்பத்திடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

லீவு விட்டும் சுபி அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. எதிர்வீட்டுச் சுவரில் ஒரு ஃபிளெக்ஸ் இருக்கிறது என்பது இன்று காலை பல் துலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். போனில் சொன்னதும், "பிள்ளைய என்கிட்ட அனுப்புலே, பத்து நாள் மூச்சு விடட்டும்" என்றாள். எட்டாம் தேதி அவளே வந்து கூட்டிப்போகிறாள்.

மே 8

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

அக்காவும் சுபியும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். சுபிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. வாந்தி வராமலிருக்க அக்கா ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறாள். அது தூக்கம் வரவைக்கிற மாத்திரை. கழுகுமலை போவதற்குள் பிள்ளை அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. பஸ் அங்கே பழுதாகி நின்றதால் எல்லாரையும் இறக்கி அடுத்த பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். அக்கா ஒரு கையில் பையும் இன்னொரு கையில் தள்ளாடுகிற பிள்ளையுமாக நிழல் தேடி ஒரு கரும்புச்சாறு கடை ஓரம் நின்றிருக்கிறாள்.

கடைக்காரப் பெண் சுபியைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி சுபியைப் பார்த்தாள்.

அவ்வளவுதான். கூட்டம் கூடிவிட்டது. பிள்ளை யார் என்று கேட்டார்கள். தம்பி மகள் என்றாள் அக்கா. ஏன் மயங்குகிறாள் என்று கேட்டார்கள். என் அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மாத்திரை கொடுத்தேன் என்றாள். பையைக் கொட்டினார்கள். மாம்பழம், இட்லிப் பொடி, சுபியின் பாவாடை சட்டைகள். பிள்ளைக்கு மாற்றுத்துணி வரைக்கும் எடுத்து வைத்திருக்கிறாள் பார் என்று ஒருத்தி கூவினாளாம். முதல் அடி யார் அடித்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. அதற்குள் தலைமுடியைப் பிடித்துவிட்டார்கள்.

சுபி விழித்துக்கொண்டு, இது எங்க அத்தை, விடுங்க என்று கத்தியிருக்கிறாள். பிள்ளை பயந்துபோய் அவள் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது என்று ஒரு பெண் அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பாவைக் கூப்பிடுங்கள் என்றாள் சுபி. கூப்பிட்டிருக்கிறார்கள். ஃபார்வர்டில் இருந்த எண்ணை.

சுவிட்ச் ஆஃப்.

ஒருவர் மாற்றி ஒருவர் அந்த எண்ணையே போட்டிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் போனை அணைத்து வைப்பானா, அவனையும் என்ன செய்தார்களோ என்று அதற்கும் ஒரு கதை கட்டியிருக்கிறார்கள். கடைசியில் சுபிதான் தன் அம்மாவின் எண்ணை மனப்பாடமாகச் சொல்லி, இதை அடிங்க, இதை அடிங்க என்று அழுதிருக்கிறாள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ கேட்டபோதுதான் யாரோ காதில் வாங்கினார்களாம். ஜெயக்கொடி எடுத்தாள். அதற்குள் போலீஸும் வந்துவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. சுபி அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிரவில்லை.

வெளியே கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒருவன் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"அண்ணாச்சி, உங்க கூட்டத்துக்கு என் வீட்டுக்காரியோட நானும் வந்திருந்தேன். சந்தேகம் வந்தா சும்மா போயிராதீங்கன்னு சொன்னீங்கள்ல? நாங்க போகல."

பிள்ளையையும் என்னையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டான். அவன் முகத்தில் பெருமையைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. நான் அவனை என்ன சொல்லித் திட்டுவது.

எஸ்.ஐ. அம்மா எல்லார் போனையும் வாங்கி, எடுத்த வீடியோக்களைத் தன் கண்முன்னாலேயே அழிக்க வைத்தார். பிறகு என்னிடம், அந்த ஃபிளெக்ஸ் யார் போட்டது என்று கேட்டார்.

"சங்கம் போட்டதுங்க" என்றேன்.

அவர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். ஃபிளெக்ஸின் வலது மூலையில் நான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மே 9

அக்காவுக்கு நெற்றியில் கட்டு. கன்னத்தில் மஞ்சள் பற்று. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "விடுலே. அக்கறையிலதான் அடிச்சாங்க" என்கிறாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபிளெக்ஸ்களை இறக்கக் கூலிக்கு ஆள் வைக்கவில்லை. நானே ஏணி எடுத்துப் போனேன். பஸ் ஸ்டாண்டில் இருந்ததை ஏற்கெனவே யாரோ கழற்றியிருந்தார்கள். தேடினால் ஒரு டீக்கடைக்கு மேலே பந்தலாகக் கட்டியிருக்கிறது. சுபி தலைகீழாகப் பார்க்கிறாள். திருப்பிக் கேட்டதற்கு, வெயில் காலம் முடியட்டும் அண்ணாச்சி என்றான் டீக்கடைக்காரன். புதுத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்துத்தான் கழற்ற முடிந்தது. இன்னொன்று ஒரு வைக்கோல் வண்டியின் மேல். அதையும் மீட்டேன். ரயில்வே கேட்டில் இருந்தது கிடைக்கவில்லை. எந்த ஊர் ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போயிருக்கிறதோ.

விற்ற சரக்கு பழுது என்றால் வண்டி அனுப்பித் திரும்ப எடுத்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இந்தச் சரக்கை எந்த வண்டி அனுப்பி எடுப்பது?

மே 12

சுபி என்னோடு பேசினாள். நான் கூடத்தில் உட்கார்ந்து போனில் எழுதிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று படித்திருக்கிறாள்.

"என்னப்பா எழுதுறீங்க?"

"மறுப்பு. இனிமே யாரும் அதப் பரப்பக் கூடாதுன்னு."

"போடாதீங்க. அதுக்கும் என் படத்தப் போடுவீங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் குற்றாலப் படம் ஏற்கெனவே ஏறியிருந்தது. நம்ப வேண்டுமே என்றுதான். அழித்தேன். அவள் நின்றுகொண்டே பார்த்தாள்.

"அந்த நம்பர எதுக்குப்பா ஆஃப் பண்ணீங்க?"

"தொந்தரவும்மா. ஊர்ப்பட்ட ஆளுங்க."

"வேற ஏதாவது பிள்ளை கூப்பிட்டிருந்தா?"

சிம்மை டிராயரிலிருந்து எடுத்துப் போட்டேன். தவறிய அழைப்புகள் குவிந்து வந்தன. தர்மபுரிக்காரர் விடவே இல்லை. நடுவில் ஒரே எண்ணிலிருந்து திரும்பத் திரும்ப அழைப்பு. கூப்பிட்டால் ஒரு பெண்பிள்ளையின் குரல், சுபி வயதுதான் இருக்கும். "இப்ப வேணாம் அங்கிள். 1098-ல பேசிட்டேன். அவங்க எடுத்தாங்க" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அந்த எண்ணை இனி அணைப்பதில்லை. ஆனால் யார் கூப்பிட்டாலும் முதலில் 1098-ஐச் சொல்கிறேன். அதில் என் கடைப் பெயர் இல்லை. இல்லாவிட்டால் என்ன.

மே 18

விருது வாங்கியாயிற்று. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். மண்டபம் பிடித்தாயிற்று, சாப்பாடு சொல்லியாயிற்று என்றார் கனகவேல். ஜெயக்கொடி மட்டும் வந்தாள். சுபி வரவில்லை. கழுகுமலை சமாசாரத்தை மேடையில் யாரும் எடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பிறகு விளக்கை அணைத்துத் திரையில் படங்கள். பிளாட்பாரத்தில் குடையோடு நான், கல்யாணத்தில் நான், கடை திறப்பில் நான். எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசிப் படம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைக்கு மொட்டை எடுப்பதற்கு முன்னால், வளர்ந்த முடியைப் பின்னிப் பூ வைத்து, பெண்பிள்ளைபோல் பாவாடை கட்டி ஸ்டுடியோவில் படம் எடுப்பது வழக்கம். எத்தனையோ வீடுகளில் இது உண்டு. அக்கா பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். மூன்று வயது நான். பட்டுப் பாவாடை, நெற்றிச்சுட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, ஜடை தெரிய வேண்டும் என்று பின்னால் கண்ணாடி. ஒரு கையை இடுப்பில் வைத்து நிற்க வைத்திருக்கிறார்கள்.

மண்டபமே அதிர்ந்தது. "இது அண்ணாச்சியா, அண்ணாச்சியோட அக்காவா?" என்று கனகவேல் மைக்கில் கேட்க, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நானும் சிரித்தேன். கும்பிட்டேன். சால்வை நழுவியது.

எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல மனசோடு செய்ததுதானே. சாப்பாட்டில் உப்பு அதிகம்.

மே 19

அந்தப் படம் எல்லாக் குரூப்பிலும் வந்துவிட்டது. வெட்டி ஒட்டி ஸ்டிக்கரும் செய்துவிட்டார்கள். சென்னை பை கம்பெனிக்காரன் ஆர்டர் பேசக் கூப்பிட்டவன், "வணக்கம் மேடம்" என்று ஆரம்பித்தான். எதிர்க்கடைக்காரர் தன் ஸ்டேட்டஸில் அதைப் போட்டு, கீழே 'புது ஸ்டாக் வந்தாச்சு' என்று எழுதியிருக்கிறார். லோடு இறக்குகிற ஆட்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

கனகவேலைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னேன்.

"அட, என்ன அண்ணாச்சி. நல்ல விஷயத்துக்குத்தானே. நம்ம சங்கத்துக்கு அந்த உரிமைகூட இல்லையா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா?"

"அக்காகிட்ட வாங்கிக்கோங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

பிறகு அவரே மனம் இளகி, யாரும் அந்தப் படத்தைப் பகிர வேண்டாம் என்று குரூப்பில் ஒரு வேண்டுகோள் போட்டார். எந்தப் படம் என்று தெரிய வேண்டும் அல்லவா. அதையும் சேர்த்துப் போட்டிருந்தார்.

நான் கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன்.

மே 20

இன்றும் தலைவலி.

மத்தியானம் சுபி அறைவாசலில் வந்து நின்றாள். கையில் அவள் அம்மாவின் போன்.

"அப்பா, எங்க கிளாஸ் குரூப்ல உங்க போட்டோ வந்திருக்கு. மொட்டை போட்டோ."

பார்த்தேன் என்றேன்.

"எடுக்கச் சொல்லட்டுமா, இருக்கட்டுமா? உங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள், சங்கம் முழுக்க இருக்கிறது, பஜார் முழுக்க இருக்கிறது. இந்தக் கேள்வியோடு வந்தது இவள் ஒருத்திதான். தண்ணீர் குடித்தேன்.

"எடுக்கச் சொல்லும்மா."

அவள் அங்கேயே நின்று போனை வாயருகே வைத்துப் பேசினாள். "எங்கப்பாவுக்குப் பிடிக்கலயாம். எல்லாரும் எடுத்துருங்க." அவ்வளவுதான். சத்தம் போடவில்லை, கெஞ்சவில்லை. கொஞ்ச நேரம் கழித்து போனை என்னிடம் காட்டினாள். ஒவ்வொருவராக எடுத்துவிட்டிருந்தார்கள். அவளை 'ஃபிளெக்ஸு' என்று கூப்பிட்ட அதே பிள்ளைகள்.

சங்கத்தின் குரூப்பில் இன்னும் இருக்கிறது.

மே 26

குழுக் கூட்டம். பிள்ளைகள் படம் எதிலும் பிள்ளையைக் கேட்காமல் போடக்கூடாது, எங்கள் நோட்டீஸ் உட்பட, என்று தீர்மானம் கொண்டுவந்தேன். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். அப்படியானால் அந்தப் பாவாடைப் படத்தில் இருந்தவனுக்கு மூன்று வயது, அவனையும் கேட்க வேண்டாமா என்றேன். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. கனகவேல் உடனே கூட்டத்தைப் படமெடுக்கப் போனார். முன்வரிசையில் ஒரு அம்மா தன் பையனைத் தூக்கி வைத்திருந்தாள். கனகவேல் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, போனைப் பையில் போட்டார்.

ஜூன் 1

நாளை பள்ளி திறக்கிறது. சீசன் ஃபிளெக்ஸ் இன்னும் அடிக்கவில்லை. எதிர்க்கடையில் வெள்ளைக்காரப் பிள்ளை பை மாட்டிக்கொண்டு போன வாரமே ஏறிவிட்டது.

அந்தோணிராஜ், முகம் இல்லாமல் ஃபிளெக்ஸ் எடுபடாது என்கிறான். பையை மாட்டுவது முதுகில்தானே, முதுகைக் காட்டினால் போதும் என்றேன். இத்தனை வருஷம் பை விற்கிறேன், இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். யாருடைய முதுகு என்று கேட்டான். இரு, சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சுபியிடம் கேட்டேன். முகம் தெரியாது, பெயர் இருக்காது, பின்பக்கம் மட்டும், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று எல்லாம் சொன்னேன்.

"யோசிச்சுச் சொல்றேன்பா."

ஜூன் 2

காலையில் பள்ளிக்குக் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை அவள் முதுகையும் பையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். போனை எடுக்கவில்லை.

அந்தோணிராஜ் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டான். இருடா, யோசித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். எதிர்க்கடையில் நல்ல கூட்டம்.